கணிப்பொறி நின்றாலும் உதவி நிற்கலாகாது
சமூக நலத் திட்டங்களுக்கு வேண்டிய முன்னேற்பாடுகள்

அரசாங்கம் மக்களுக்கு வழங்கும் உதவிகளில் பெரும்பாலானவை இன்று கணிப்பொறிகளின் வழியாகவே அவர்களைச் சென்றடைகின்றன. முதியோரின் உபகாரச் சம்பளம், ஏழைக் குடும்பத்தின் ரேஷன் தானியம், வேலை இழந்தவரின் உதவித் தொகை, மாணவரின் படிப்புச் சலுகை ஆகிய எதுவாயினும், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதைக் கணக்கிட்டு உத்தரவு பிறப்பிப்பது யந்திரமே. நூறு குமாஸ்தாக்கள் ஒரு மாதம் உழைத்து முடிக்க வேண்டிய வேலையை அது சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. இதனால் விளைந்த நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த யந்திரம் ஒரு நாள் நின்றுவிட்டால் என்ன ஆகும்? வாணிப நிறுவனம் ஒன்றில் கணிப்பொறி நின்றால் அன்றைய லாபம் குறையும். மறுநாள் அதை ஈடு செய்துகொள்ளலாம். மாத முதல் வாரத்தில் கிடைக்கும் பணத்தையோ தானியத்தையோ நம்பி வாழும் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட மறுநாள் இல்லை. அவர்கள் வீட்டில் சேமிப்பு இராது; கடன் கொடுப்பாரும் அரியர். ஆகவே சமூக நலத் திட்டங்களில் கணிப்பொறித் தடை என்பது தொழில் நுணுக்கப் பிரச்னை மட்டுமன்று. அது உணவைப் பற்றிய பிரச்னையும் ஆகும். இதை எவ்வாறு எதிர்கொள்வது என்பதற்கு உலகில் நடந்த மிகப் பெரிய ஒத்திகை 2000-ஆம் ஆண்டின் பிறப்பையொட்டி நடைபெற்றது. அதன் வரலாறு இன்றும் ஆராயத்தக்கது.

இரண்டு இலக்கங்களின் சிக்கனம்

கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில் விவரங்கள் துளையிட்ட அட்டைகளில் பதிவு செய்யப்பட்டன. ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கே இடமிருந்தது. யந்திரத்தின் நினைவுப் பகுதியும் மிகுந்த விலையுடையதாக இருந்தது. ஆகவே ஆண்டைக் குறிக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டை நீக்கி, 1965 என்பதை 65 என்று மட்டும் எழுதும் வழக்கம் ஏற்பட்டது. அக்காலத்துக்கு இது அறிவுடைய சிக்கனமே. அந்தப் புரோகிராம்கள் நூற்றாண்டின் இறுதி வரை உபயோகத்தில் இருக்கும் என்று அவற்றை எழுதியவர்கள் எண்ணவில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் அறியலாம். 1935-இல் பிறந்த ஒருவரின் வயதை 1999-இல் யந்திரம் கணக்கிடும்போது 99-இலிருந்து 35-ஐக் கழித்து 64 என்று விடை காணும், இது சரியே. அடுத்த ஆண்டில் அதே யந்திரம் 00-இலிருந்து 35-ஐக் கழிக்கும். கிடைக்கும் விடை பூஜ்யத்துக்குக் கீழ்ப்பட்ட 35. சில புரோகிராம்கள் கழித்தல் குறியை விட்டுவிட்டு அவருக்கு 35 வயது என்றே கொள்ளும். 65 வயது நிரம்பி உபகாரச் சம்பளத்துக்கு உரிமை பெற்றவர், யந்திரத்தின் கணக்கில் நடுவயதினராகிவிடுவார். வயது, காலக்கெடு, தவணை, வட்டி ஆகிய அனைத்தும் தேதியைக் கொண்டே கணக்கிடப்படுவதால், சமூக நலத் திட்டங்களைப் போல இக்குறையால் பாதிக்கப்படக்கூடியவை வேறு அதிகமில்லை.

முன்னரே விழித்த இலாகா

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதியோர், அங்கஹீனர், கணவனை இழந்தோர் முதலானோருக்கு மாதந்தோறும் பணம் வழங்கும் பொறுப்பு சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது. சென்ற நூற்றாண்டின் இறுதியில் சுமார் 5 கோடிப் பேர் அதனிடமிருந்து உதவி பெற்று வந்தனர். இந்த இலாகா 1989-லேயே, அதாவது ஆபத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, இந்தப் பிரச்னையில் கவனம் செலுத்தத் தொடங்கியது. அதன் கணிப்பொறிகளில் இருந்த கட்டளைகள் 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டவை. அவற்றை வரி வரியாக ஆராய்ந்து, தேதி வரும் இடங்களைக் கண்டு திருத்திப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு முன்யோசனையுடன் செயல்பட்ட அந்த இலாகாவின் திட்டத்திலும் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. அங்கஹீனர் ஒருவர் உதவிக்கு மனுச் செய்தால், அவர் உண்மையில் உழைக்க இயலாதவரா என்பதை மருத்துவச் சான்றுகளைக் கொண்டு முடிவு செய்பவை ராஜ்யங்களில் உள்ள தனி அலுவலகங்கள். அவை ஏறத்தாழ ஐம்பது. அவற்றுக்குத் தனித் தனிக் கணிப்பொறி அமைப்புகள் இருந்தன. மத்திய இலாகாவின் முதல் ஆய்வில் இவை சேர்க்கப்படவில்லை என்பதை 1997-இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் எடுத்துக்காட்டியது. தலைமை அலுவலகத்தின் யந்திரங்கள் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், மனு முதலில் நுழையும் வாயில் அடைபட்டிருந்தால் உதவி கிட்டாது. இலாகா உடனே அவ்வலுவலகங்களையும் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 1998 டிசம்பர் இறுதியில், சமூகப் பாதுகாப்பு அமைப்பு புதிய ஆண்டுக்குத் தயாராகிவிட்டது என்று ஜனாதிபதி கிளின்டன் அறிவித்தார்.

மத்திய அரசின் பணம், ராஜ்யங்களின் யந்திரம்

இதைவிடச் சிக்கலானவை, மத்திய அரசு பணம் கொடுத்து ராஜ்யங்கள் நிர்வகிக்கும் திட்டங்கள். 1998 பிப்ரவரியில் ஜனாதிபதியின் உத்தரவால் அமைக்கப்பட்டு, ஜான் கோஸ்கினென் தலைமையில் இயங்கிய குழு, தனித் தனி யந்திரங்களைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிராமல், மக்களைச் சென்றடையும் சேவைகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கியது. பொதுமக்களை மிகுதியாகப் பாதிக்கக்கூடிய நாற்பதுக்கு மேற்பட்ட திட்டங்களின் ஜாபிதா ஒன்று 1999-இல் தயாரிக்கப்பட்டது. அவற்றுள் பத்துத் திட்டங்கள் ராஜ்யங்களால் நிர்வகிக்கப்படுபவை. உணவுச் சீட்டுகள், ஏழைகளுக்கான மருத்துவ உதவி, வேலையில்லாதோர் காப்பீடு, தாய் சேய் ஊட்ட உணவு, பள்ளிக் குழந்தைகளின் உணவு, குழந்தைப் பராமரிப்பு, குளிர்காலத்தில் வீட்டை வெப்பப்படுத்த எரிபொருள் உதவி முதலியன அவற்றில் அடங்கும். வசதியற்றவர்களின் அன்றாட வாழ்வு முழுவதும் இந்தப் பத்தினுள் அடங்கிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இவற்றுள் வேலையில்லாதோர் காப்பீடு ஒரு முக்கியமான உண்மையைப் புலப்படுத்தியது. வேலை இழந்த ஒருவர் மனுச் செய்த நாளிலிருந்து ஓராண்டுக் காலம் அவரது உதவிக் காலம் எனக் கணக்கிடப்படும். ஆகவே 1999 ஜனவரி முதல் வாரத்தில் வரும் மனுவுக்கு யந்திரம் 2000 ஜனவரியை முடிவுத் தேதியாக எழுத வேண்டும். உலகம் 2000-ஆம் ஆண்டை எதிர்நோக்கியிருக்கையில், இத்திட்டத்துக்கு ஆபத்து ஓராண்டு முன்னதாகவே வந்துவிட்டது. பெரும்பாலான ராஜ்யங்கள் உரிய காலத்தில் புரோகிராம்களைத் திருத்திவிட்டன. திருத்தம் முடியாத சில இடங்களில் ஓர் எளிய உபாயம் கையாளப்பட்டது. முடிவுத் தேதியைத் தற்காலிகமாக 1999 டிசம்பர் 31 என்றே பதிவு செய்துகொண்டு, பணம் தடையின்றி வழங்கப்பட்டது. பிழையைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. கணக்கு முழுமையாக இருப்பதைக் காட்டிலும் உதவி உரிய நாளில் சேர்வது முக்கியம் என்ற கொள்கை இதில் விளங்குகிறது.

மாற்றுத் திட்டத்தின் நான்கு படிகள்

எவ்வளவு திருத்தினாலும் ஏதேனும் ஒன்று எஞ்சி நிற்கும். ஆகவே யந்திரம் நின்றபோது வேலையைத் தொடர்வதற்கான மாற்றுத் திட்டம் ஒவ்வோர் இலாகாவுக்கும் அவசியம் என்று வலியுறுத்தப்பட்டது. 1998 ஆகஸ்டில் மேற்கூறிய தணிக்கை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டி நூல் இந்தப் பணியை நான்கு படிகளாக வகுத்தது.

முதற்படி, பொறுப்பை வரையறுத்தல். கணிப்பொறி நிபுணர்களிடம் மட்டும் இதை விட்டுவிடலாகாது. திட்டத்தை நடத்தும் அதிகாரிகளே தலைமை வகிக்க வேண்டும். ஏனெனில், எந்த வேலை ஒரு நாள் தாமதிக்கலாம், எது ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

இரண்டாம் படி, பாதிப்பை மதிப்பிடுதல். ஒரு திட்டத்தின் வேலைகளைத் தனித் தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எதை நம்பியுள்ளது என்று காண வேண்டும். உணவுச் சீட்டு வழங்குவதற்குச் சொந்தக் கணிப்பொறி மட்டும் போதாது. மின்சாரம், தொலைபேசி, பாங்கி, கடைக்காரரின் யந்திரம் ஆகியவையும் இயங்க வேண்டும். இவற்றுள் எது முறிந்தாலும் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும்.

மூன்றாம் படி, மாற்று வழியை வகுத்தல். காகிதப் படிவங்களை அச்சிட்டு வைத்தல், பயனாளிகளின் பட்டியலை முன்கூட்டியே பிரதி எடுத்தல், சென்ற மாதத் தொகையையே இம்மாதமும் வழங்க அதிகாரம் அளித்தல் ஆகியவை இதில் சேரும். எந்த நிலையில் மாற்று வழியைத் தொடங்குவது, யார் உத்தரவிடுவது என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காம் படி, ஒத்திகை. காகிதத்தில் அழகாக இருக்கும் திட்டம் நடைமுறையில் தடுமாறுவது உண்டு. படிவம் இருக்கும், அதை நிரப்பத் தெரிந்தவர் இருக்கமாட்டார். அலமாரி இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். இத்தகைய குறைகள் ஒத்திகையில்தான் வெளிப்படும்.

நடந்தவையும் நடவாதவையும்

2000 ஜனவரி முதல் தேதி அமைதியாகக் கழிந்தது. உதவித் தொகைகள் உரிய நாளில் சென்றடைந்தன. அமெரிக்காவில் மட்டும் இப்பணிக்கு அரசாங்கமும் தனியாரும் சேர்ந்து சுமார் 10,000 கோடி டாலர் செலவிட்டதாக அந்நாட்டு வர்த்தக இலாகா மதிப்பிட்டிருந்தது. இந்தியாவின் பல நகரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பொறியியலறிஞர்கள் இந்தத் திருத்த வேலையில் பங்கு கொண்டனர். நமது நாட்டின் மென்பொருள் தொழில் உலகின் கவனத்தைப் பெறுவதற்கும் அது துணை புரிந்தது. ஒன்றும் நேராததைக் கண்ட சிலர், அச்சம் வீணானது, செலவும் வீணானது என்றனர். வெள்ளம் வருமுன் கரையை உயர்த்தியவனிடம், ஊருக்குள் தண்ணீர் வரவில்லையே, கரை எதற்கு என்று கேட்பதை இது ஒக்கும்.

திருத்தத்துக்குத் தப்பிய பிழை எவ்வளவு கொடியது என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஷெஃபீல்டு நகரில் இருந்த ஒரு பரிசோதனை நிலையம், கருவிலுள்ள குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் வாய்ப்பைத் தாயின் வயது முதலியவற்றைக் கொண்டு கணிப்பொறியால் கணக்கிட்டு வந்தது. 2000 ஜனவரியிலிருந்து அந்த யந்திரம் தாயின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. யந்திரம் நிற்கவில்லை, எச்சரிக்கை எதுவும் தரவில்லை, வழக்கம்போலவே விடைகளை அச்சிட்டு வந்தது. மே மாதத்தில் பிழை கண்டுபிடிக்கப்படுவதற்குள், அபாயம் மிகுந்த 150-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு அபாயம் குறைவு என்ற விடை தரப்பட்டிருந்தது. நின்றுபோகும் யந்திரத்தை எவரும் அறிவர். தவறான விடையைத் தயக்கமின்றித் தரும் யந்திரமே அதிக ஆபத்தானது. ஆகவே விடைகள் வழக்கத்துக்கு மாறாக உள்ளனவா என்று மனிதக் கண்கள் அவ்வப்போது சோதித்து வருவது இன்றியமையாதது.

பிற்காலப் படிப்பினைகள்

தேதிப் பிரச்னை தீர்ந்த பின்னரும் தடைகள் வேறு உருவங்களில் வந்தன. அமெரிக்காவில் உணவுச் சீட்டுகளுக்குப் பதிலாக மின்னணு அட்டைகள் வழங்கப்பட்டிருந்தன. 2013 அக்டோபர் 12-ஆம் தேதி, அவ்வட்டைகளின் கணக்கைக் கவனிக்கும் நிலையத்தில் மாற்று மின்சார ஏற்பாட்டைப் பரிசோதித்தபோது அமைப்பே செயலற்றுவிட்டது. 17 ராஜ்யங்களில் ஏழை மக்கள் கடைகளில் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு, பணம் செலுத்த வழியின்றி நின்றனர். இத்தகைய வேளையில் குறிப்பிட்ட ஒரு சிறு தொகை வரை காகிதச் சீட்டின் பேரில் பொருள் வழங்கலாம் என்ற விதி இருந்தது. ஆயினும் பல கடைகள் அதைக் கையாளாமல் மக்களைத் திருப்பி அனுப்பின; வேறு சில கடைகள் வரம்பு எதுவுமின்றிப் பொருள்களை வழங்கின. விதி இருந்தது, பயிற்சி இல்லை என்பதே இதன் பொருள்.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது வேறொரு குறை வெளிப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாதோர் உதவிக்கு மனுச் செய்தனர். பல ராஜ்யங்களின் அமைப்புகள் பல பத்தாண்டுகளுக்கு முன் கோபால் என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழி அறிந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டனர். நியூ ஜெர்ஸி ராஜ்யத்தின் கவர்னர், கோபால் அறிந்தவர்கள் முன்வந்து உதவ வேண்டும் என்று வெளிப்படையாக வேண்டிக்கொள்ள நேர்ந்தது. யந்திரத்தைப் பேணுவது போலவே அதை அறிந்த ஆட்களைப் பேணுவதும் அவசியம் என்பது இதனால் விளங்கும்.

2024 ஜூலை 19-ஆம் தேதி, பாதுகாப்புக்கென நிறுவப்பட்ட மென்பொருள் ஒன்றின் பிழையான திருத்தத்தால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் ஒரே நாளில் செயலிழந்தன. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் உள்ளூர் அலுவலகங்கள் அன்று பொதுமக்களுக்கு மூடப்பட்டன. பத்தாண்டுகள் முன்யோசனையுடன் செயல்பட்டதற்குப் பெயர் பெற்ற அதே இலாகாவுக்கே இவ்வாறு நேர்ந்தது. ஆகவே முன்னேற்பாடு ஒரு முறை செய்து முடித்துவிடும் காரியமன்று.

நமது நாட்டில்

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராம மக்களில் 75 சதவீதம் வரையிலும், நகர மக்களில் 50 சதவீதம் வரையிலும் தானியம் பெறும் உரிமையை வழங்குகிறது. சுமார் 81 கோடிப் பேர் இதன் வரம்பினுள் அடங்குவர். முன்னுரிமைக் குடும்பங்களில் தலைக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயாக் குடும்பத்துக்கு 35 கிலோ. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நியாய விலைக் கடைகளில் ஏறத்தாழ அனைத்திலும் மின்னணு விற்பனை யந்திரங்கள் வைக்கப்பட்டுள்ளன. இதனால் போலி அட்டைகள் நீக்கப்படவும், இடம் பெயர்ந்த தொழிலாளி எந்த ராஜ்யத்திலும் தன் பங்கைப் பெறவும் வழி ஏற்பட்டுள்ளது.

ஆனால் ஒரு பை அரிசி கைக்கு வருவதற்கு எத்தனை கண்ணிகள் இணைய வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். யந்திரத்தில் மின்சாரம் இருக்க வேண்டும். கடை இருக்கும் இடத்தில் தொலைபேசி அலை எட்ட வேண்டும். ராஜ்யத்தின் மையக் கணிப்பொறியும் ஆதார் அமைப்பின் கணிப்பொறியும் விடை தர வேண்டும். இறுதியாக, விரலின் ரேகை தெளிவாக இருக்க வேண்டும். கல்லுடைத்தும் நாற்று நட்டும் தேய்ந்துபோன விரல்களில், முதுமையால் சுருங்கிய விரல்களில், ரேகை எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. 2023 ஏப்ரலில் கேரளத்தில் மையக் கணிப்பொறியின் கோளாறால் ரேஷன் கடைகள் இரண்டு நாட்கள் மூடப்பட்டன. பின்னர் மாவட்டங்களை இரு பகுதிகளாக்கி, ஒன்றுக்குக் காலையும் மற்றதற்கு மாலையும் நேரம் ஒதுக்கிச் சுமை குறைக்கப்பட்டது.

இத்தகைய நிலைகளுக்கு விதிகள் இல்லாமலில்லை. 2017 அக்டோபரில் ஆதார் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை, ரேகை பொருந்தாமை, தொடர்பின்மை போன்ற காரணங்களால் எவருக்கும் உதவி மறுக்கலாகாது என்று கூறுகிறது. அத்தகைய சமயங்களில் வேறு வழியில் அடையாளம் கண்டு பொருளை வழங்கி, அந்த விவரத்தைக் கடையில் உள்ள விதிவிலக்குப் பதிவேட்டில் எழுத வேண்டும். உரிய தானியம் கிடைக்காதவருக்கு அதற்கீடாகப் பணம் அளிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எட்டாவது பிரிவு கூறுகிறது. இவ்விதிகள் பயன் தருவது, கடைக்காரர் அவற்றை அறிந்திருப்பதையும், பதிவேடு உண்மையில் கடையில் இருப்பதையும், அதன்படி வழங்கிய சரக்குக்குத் தணிக்கையின்போது தாமே பொறுப்பாளியாக்கப்படுவோமோ என்ற அச்சம் அவருக்கு இல்லாதிருப்பதையும் பொறுத்தது. அச்சமுள்ள கடைக்காரர் பதிவேட்டைத் திறக்கமாட்டார். நாளை வாருங்கள் என்றே சொல்லுவார். அந்த நாளைக்காக ஒரு தினக்கூலியை இழந்து, நாலு மைல் நடந்து மீண்டும் வருகிறவரின் நஷ்டம் எந்தக் கணிப்பொறியிலும் பதிவாவதில்லை.

செய்யத்தக்கவை

மேற்கூறிய அனுபவங்களிலிருந்து சில பொது விதிகள் பெறப்படுகின்றன. உதவி பெறுவோரின் பட்டியல், மாதம் ஒரு முறையேனும் காகிதத்திலோ தொடர்பின்றி இயங்கும் கருவியிலோ கடையளவில் இருத்தல் வேண்டும். யந்திரம் எத்தனை மணி நேரம் நின்றால் காகித முறைக்கு மாறலாம் என்பதும், அதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை என்பதும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். ஐயமுள்ள இடத்தில் வழங்கிவிட்டுப் பின்னர் சோதிப்பதே முறை. சோதித்த பின்னரே வழங்குவது என்று கொண்டால் பட்டினி காத்திராது. கடன் வாங்க வழியற்றோர், படுக்கையில் இருப்போர், தனித்து வாழும் முதியோர் ஆகியோரின் பெயர்களைத் தனியே குறித்து, தடை நேரும்போது முதலில் அவர்களைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் யந்திரத்தை அணைத்து வைத்துவிட்டுக் காகிதத்தின் துணையால் மட்டும் வேலை செய்து பார்ப்பது நல்ல ஒத்திகையாகும். அந்த ஒரு நாளில் வெளிப்படும் குறைகள் நூறு அறிக்கைகளில் வெளிப்படா.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகுதியன்று. ஒரு பதிவேடு, சில படிவங்கள், ஒரு நாள் பயிற்சி, பொறுப்பேற்று முடிவு செய்யும் உரிமை ஆகியவையே தேவைப்படுபவை. கணிப்பொறியைக் கைவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. யந்திரம் நன்கு இயங்கும் நாட்களில் அதன் வேகத்தை மக்கள் அனுபவிக்கட்டும். அது நின்றுபோகும் நாளில், ரேஷன் அட்டையுடன் வரிசையில் நிற்பவர் வெறுங்கையுடன் திரும்பாதிருக்கட்டும். ஒரு திட்டத்தின் திறமையை அளப்பதற்கு அந்த ஒரு நாளே சரியான அளவுகோல்.